தோர்பெக் கைமாறிய வாரம்

பூமி இன்றுவரை தடம் புரளாமல் சுற்றிக்கொண்டிருப்பதற்கு பேஸ் கிட்டார் வாசிப்பவர்களே காரணம். இது என் கருத்து அல்ல. அடிநாதக் கலைஞர் பேரவையின் விதிமுறையில் முதல் வரி. அந்த பேஸ் கிட்டாரை தோர்பெக் பெட்டியில் மட்டுமே சொருகி வாசிக்க வேண்டும் என்பது இரண்டாவது வரி. டீ குடித்த கோப்பையை அவரவரே கழுவி வைக்க வேண்டும் என்பது மூன்றாவது. மூன்றில் கடைசி வரி மட்டும்தான் அடிக்கடி மீறப்படும் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

விதிமுறையை எழுதியவர் எங்கள் தலைவர். அவரை வெளியே எல்லோரும் நாலாங்கம்பி என்பார்கள். பேஸ் கிட்டாரில் நாலு கம்பி. இருப்பதிலேயே தடித்ததும், வயிற்றைக் கலக்குகிற சுரத்தைக் கொடுப்பதும் நாலாவது. தலைவர் அதை மட்டும்தான் தொடுவார். மற்ற மூன்றையும் இளைய தலைமுறைக்கு விட்டுவைத்திருப்பதாகப் பெருந்தன்மையோடு சொல்வார்.

தோர்பெக் என்பது நாங்கள் வாசிப்பதைப் பெருக்கித் தரும் ஆம்பிளிஃபயர். வெளியாட்கள் அப்படித்தான் சொல்வார்கள். பேரவைக்குள் அதைப் 'பெட்டி' என்று மட்டும் சொல்ல வேண்டும், அதையும் கொஞ்சம் குரலைத் தாழ்த்திச் சொல்ல வேண்டும். கறுப்பாக, துணி அலமாரியைப் பாதியில் அறுத்தது போல இருக்கும். அதைத் தூக்கித் தூக்கி இடுப்புப் பிடித்துப்போனவர்கள் பேரவையில் முன்வரிசையில் உட்காருவார்கள். இன்னும் நிமிர்ந்து நடக்கிற என் போன்றவர்களுக்குப் பின்வரிசை.

அந்த தோர்பெக் கம்பெனியை ஒரு திங்கட்கிழமை விற்றுவிட்டார்கள். வாங்கியது, சத்தமே வராத வாக்யூம் கிளீனர் செய்து பேர் வாங்கிய ஒரு குழுமம்.

பேரவை அன்று மத்தியானமே கூடியது. எங்கள் கூடம் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்கு மேலே இருக்கிறது. முதலில் எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காத்தோம். எங்கள் மௌனம் எப்போதுமே நீண்டுவிடும். டிரம்ஸ்காரர் ஒருவர் சைகை காட்டாமல் எதையும் முடித்துப் பழக்கமில்லை. யாராவது முடிப்பார்கள் என்று ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் கீழே ஒருத்தி காரைப் பின்னால் எடுத்துத் தூணில் இடித்தாள். அந்தச் சத்தத்தைத் தாளமாக எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

தலைவர் பேசினார்.

"தோழர்களே, வீடு கூட்டுறவன் கையில நம்ம அடிநாதம் போயிடுச்சு. போன தடவை வித்தாங்களே, அப்ப வாங்கினவன் ஃப்ரிட்ஜ் கம்பெனிக்காரன். அவனுக்காவது உறுமல்னா என்னன்னு தெரியும். இவன் உறுமலை நோய்னு நினைக்கிறவன்!"

கைதட்டல் அடங்கியதும் விவாதம் வந்தது. தோர்பெக் ஏற்கனவே பலமுறை கைமாறிய கம்பெனி. ஒவ்வொரு முறையும் 'இனி இது பெட்டியே இல்லை' என்று பேரவை தீர்மானம் போட்டிருக்கிறது. ஆகவே எது உண்மையான கடைசிப் பெட்டி என்று முடிவு செய்ய வேண்டியிருந்தது. முன்வரிசையில் இருந்த பெரியவர், ஃப்ரிட்ஜ்காரனுக்கும் முந்தி, ஒரு வங்கி வாங்கியபோதே சத்தம் செத்துவிட்டது என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர், வங்கி காலத்துப் பெட்டிதான் தங்கம், அதற்கப்புறம்தான் தகரம் என்றார். செயலாளர் ஃப்ரிட்ஜ் காலம் வரைக்கும் பரவாயில்லை என்று சமாதானம் பேசினார்.

நான் கவனித்தவரை, ஒவ்வொருவருக்கும் தோர்பெக்கின் பொற்காலம் அவரவர் பெட்டி வாங்கிய அன்று சாயங்காலம் கடை அடைத்ததோடு முடிந்திருந்தது. என் பெட்டி இன்னொருவர் பயன்படுத்திவிட்டுக் கொடுத்தது. அதனால் என் பொற்காலம் எது என்று சபைக்குக் குழப்பமாகி, என்னைக் கருத்து சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள்.

முடிவில் ஒரு தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. உறுப்பினர்களின் எல்லாப் பெட்டிகளுக்கும் அரக்கு முத்திரை வைக்கப்படும். பின்பக்கத் திருகுகள் மேல், மூடிகள் மேல், ஃப்யூஸ் போடும் குழி மேல், எல்லாவற்றின் மேலும். இந்த நொடி வரை உள்ளே இருப்பது பழைய தோர்பெக். முத்திரையை உடைத்து ஒரு சின்ன ஆணியை மாற்றினாலும் அது வாக்யூம் கிளீனர். முத்திரை உடைந்தால் உறுப்பினர் பதவி போய்விடும்.

நான் மட்டும் தீர்மானத்தை இன்னொரு முறை படித்துப் பார்த்தேன். காரணம், நான் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்கிற ஹோட்டலில் பேரவை உறுப்பினரைத் தவிர யாரையும் பேஸ் வாசிக்க விடமாட்டார்கள். எனக்கு இருக்கிற ஒரே வேலை அதுதான்.

மறுநாள் எல்லோரும் அவரவர் பெட்டியை அந்த மாடிப்படியில் ஏற்றினோம். டிரைவிங் ஸ்கூல் மாணவர்கள் வண்டியை நிறுத்திவிட்டு, நாங்கள் வீடு காலி செய்கிறோமா குடி வருகிறோமா என்று பந்தயம் கட்டினார்கள். முத்திரைக்கு முன் ஒரு சடங்கு இருந்தது. அத்தனை பெட்டிகளையும் ஒரே நேரத்தில் போட்டு, நாலாவது கம்பியை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை மீட்ட வேண்டும். சுதந்திர தோர்பெக்கின் கடைசி உறுமல்.

மீட்டினோம். கட்டடத்தில் மின்சாரம் போய்விட்டது. கீழே இருந்து ஒருவர் நாகரிகமில்லாத வார்த்தை ஒன்றைச் சொன்னார்.

"பார்த்தீங்களா? மின்சாரமே தாங்கலை!" என்று தலைவர் கண்கலங்கினார். அந்த இருட்டிலேயே மெழுகுவத்தி பிடித்து, அரக்கு உருக்கி, தன் மோதிரத்தை அழுத்தி எல்லாப் பெட்டிக்கும் முத்திரை வைத்தார். என் பெட்டிக்கு வைக்கும்போது, "உன் வேலை முடிஞ்சுது தம்பி, இனிமே இதை யாரும் கெடுக்க முடியாது" என்றார்.

அவர் சொன்னது சரிதான். வீட்டுக்கு வந்து சொருகிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. கடைசி உறுமலில் என் ஃப்யூஸ் போயிருந்தது. அதன் மேலேயே, ஒரு பழுத்த தக்காளி அளவுக்கு அரக்கு.

எங்கள் வாத்தியக் குழு மொத்தமே குடும்பம்தான். பாடுவது என் அக்கா. கீபோர்டு வாசிப்பது அக்கா வீட்டுக்காரர், என் மாமா. கீபோர்டில் வலது கை பாட்டை வாசிக்கும். இடது கை ஓரமாக இருக்கிற தாழ்ந்த சுரங்களை அழுத்தினால் பேஸ் மாதிரியே கேட்கும். மற்றவர்கள் பேயைக் கண்டு பயப்படுவார்கள். நான் மாமாவின் இடது கையைக் கண்டு பயந்தவன்.

ஹோட்டல் மேனேஜருக்கும் அந்தக் கை மேல் ஒரு கண் இருந்தது. பெட்டி செத்துப்போன செய்தியைக் கேட்டதும், "ஞாயித்துக்கிழமை பெட்டி பேசலைன்னா, சார் இடது கையே போதும்பா. மேடையில ஒரு ஆள் குறைஞ்சா இன்னொரு மேஜை போடலாம்" என்றார்.

வீட்டில் மாமா சோபாவில் சாய்ந்து இடது கை விரல்களை ஒவ்வொன்றாகச் சொடக்கிக்கொண்டிருந்தார்.

"கவலைப்படாத மாப்ளே. உன் வேலைய என் சுண்டுவிரல் பார்த்துக்கும். அதுவும் வீட்ல சும்மாதான இருக்கு."

"மாமா, விளையாடாதீங்க."

"நான் எங்கடா விளையாடறேன்? என் சுண்டுவிரல் ரொம்ப சீரியஸான ஆளு. ஒத்திகைக்கெல்லாம் லேட்டா வராது."

அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்தாமல் கேட்டாள்: "ஏன்டா, நான் பாடறேனே, எனக்குப் பின்னாடி பெட்டி ஏதாவது இருக்கா?"

"இல்லை."

"அப்ப என் குரல் எப்படிக் கேக்குது?"

"உன் மைக் வயரை மேடைக்குப் பின்னாடி சுவத்துல சொருகறாங்க. அது ஹோட்டல் சீலிங் ஸ்பீக்கர்ல வருது."

"அதுக்குப் பக்கத்திலேயே இன்னொரு ஓட்டை இருக்கு பாரு. அதுல நீயும் சொருகு. முடிஞ்சு போச்சு."

நான் பதறிப்போனேன். வெங்காயம் நறுக்குகிற இடத்தில் பேசுகிற பேச்சா அது? இருந்தாலும் பயம் ஆளை விடவில்லை. தலைவரிடம் அனுமதி கேட்டுவிடலாம் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

தலைவர் தன் பெட்டிக்குத் துணிபோட்டு மூடி, அதன் எதிரில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, என் பெட்டியில ஃப்யூஸ் போயிடுச்சு."

"முத்திரை இருக்கா?"

"இருக்குங்க."

"உடையலையே?"

"இல்லைங்க. ஆனா சத்தம் வரலை."

தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "தம்பி, சத்தம் வர்ற பெட்டி ஊர் பூரா கிடைக்கும். முத்திரை வச்ச பெட்டி எங்க கிடைக்கும், சொல்லு?"

"ஃப்யூஸ் எந்த எலெக்ட்ரிக் கடையிலயும் கிடைக்கும் ஐயா. ஒரே ஒரு தடவை திறந்து..."

"இன்னிக்கு ஃப்யூஸ். நாளைக்கு வயர். நாளன்னைக்கு ஸ்பீக்கர். அப்புறம் ஒரு நாள் காலையில எழுந்து பார்த்தா, உன் வீட்டுக் கூடத்துல தூசி உறிஞ்சிக்கிட்டிருக்கும்!"

நான் தயங்கித் தயங்கி அக்காவின் யோசனையைச் சொன்னேன். யோசனை அக்காவுடையது என்பதை இரண்டு முறை சொன்னேன்.

அவர் சிரித்தார். உள்ளே இருந்த தன் மனைவியைக் கூப்பிட்டு, அவரும் கேட்கட்டும் என்று என்னை மறுபடி சொல்லச் சொன்னார். பிறகு மறுபடி சிரித்தார்.

"சுவத்துல சொருகறது இஸ்திரிப் பெட்டி தம்பி. கலைஞன் சொருக மாட்டான். சுவத்துல சொருகி வாசிக்கிறவனைக் கலைஞன்னு சொன்னா, அப்புறம் மிக்ஸியையும் மேடையேத்தி மாலை போடணும். போ. நம்பிக்கையோட இரு. ஞாயித்துக்கிழமை நானே வந்து உன் பெட்டியைக் கேக்கறேன்."

அவர் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசி வழியாக, எதிரியிடமே போனேன். தோர்பெக் சர்வீஸ் சென்டர் இருந்த இடத்தில் இப்போது 'அனுபவ மையம்' என்று பலகை இருந்தது. உள்ளே போனால் என் காலடிச் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அவ்வளவு தடிமனான கம்பளம். 'பரிவு அதிகாரி' என்று சட்டையில் எழுதியிருந்த ஒருவர், தூங்குகிற குழந்தை பக்கத்தில் இருப்பது போன்ற குரலில் வரவேற்றார்.

"உக்காருங்க சார். தோர்பெக் குடும்பத்துல ஒருத்தர் வந்திருக்கீங்க. எப்படி உணர்றீங்க?"

"ஃப்யூஸ் போயிடுச்சு சார்."

"புரியுது. ரொம்பப் பேர் இப்ப அப்படித்தான் உணர்றாங்க."

"இல்லை சார், நிஜமாவே போயிடுச்சு."

அவர் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். "ஒரு விஷயம் உறுதியாச் சொல்றேன். தோர்பெக் பாரம்பரியத்துல நாங்க கை வைக்கவே மாட்டோம். வெளித்தோற்றம், பெயர், அந்தக் கறுப்பு, எல்லாம் அப்படியே இருக்கும். உள்ள இருக்கறதை மட்டும்தான் எடுக்கறோம்."

"எடுத்துட்டு?"

"லேசாக்கறோம். நாங்க ஒரு பெரிய ஆய்வு பண்ணினோம் சார். பேஸ் பெட்டி பத்தி மக்கள் என்ன நினைக்கிறாங்கன்னு வீடு வீடாப் போய்க் கேட்டோம். பக்கத்து வீடுகள்ல. எல்லாரும் ஒரே குறைதான் சொன்னாங்க, சத்தம். எங்க இன்ஜினியர்கள் அதைக் கிட்டத்தட்ட சரி பண்ணிட்டாங்க."

புது மாடலைக் காட்டினார். ஒரு கையால் தூக்கினார். நான் அதில் சொருகியிருந்த கிட்டாரின் கம்பியை மீட்டிப் பார்த்தேன். எதுவும் கேட்கவில்லை. என் போன் மட்டும் ஒருமுறை துடித்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு செய்தி: 'நீங்கள் இப்போது அருமையாக வாசித்தீர்கள்.'

"வாசிக்கிறவருக்குத் தேவை பாராட்டுதானே சார்? நடுவுல சத்தம் எதுக்கு?" என்றார் பரிவு அதிகாரி. அவர் முகத்தில் குறும்பு ஒரு துளியும் இல்லை. கம்பளத்தைப் போலவே சமமாக இருந்தது.

என் பழைய பெட்டிக்கு ஒரு ஃப்யூஸ் போட்டுத் தர முடியுமா என்று கெஞ்சினேன். போனில் அரக்கு முத்திரையின் படத்தைக் காட்டினேன். அவர் நெகிழ்ந்துபோனார்.

"இதைத் தொட மாட்டோம் சார். இது பாரம்பரியம். இந்த முத்திரை விஷயம் தலைமை அலுவலகம் வரைக்கும் போயிருக்கு. அடுத்த மாடல்ல இதே மாதிரி ஒண்ணு பிளாஸ்டிக்ல, ஃபேக்டரியிலேயே ஒட்டித் தரப்போறோம். உங்க பேரவைக்கு எங்க நன்றியைச் சொல்லுங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது. செத்த பெட்டியை நானும் மாமாவும் ஹோட்டல் சாப்பாட்டுக் கூடத்து மேடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். முத்திரை ஜனங்களுக்குத் தெரிகிற மாதிரி திருப்பி வைத்தேன். மாமா கீபோர்டுக்கு முன்னால் உட்கார்ந்து இடது கைச் சட்டையை மட்டும் மடித்து விட்டுக்கொண்டார். மேனேஜர் மேடையின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார்.

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு மேடைக்குப் பின்னால் இருந்த திரையைப் பார்த்தாள். எதுவும் சொல்லவில்லை. அக்காக்கள் எதுவும் சொல்லாதபோதுதான் தப்பிக்க முடியாது.

திரைக்குப் பின்னால் போனேன். அவள் மைக் வயர் போகிற ஓட்டைக்குப் பக்கத்து ஓட்டையில், கண்ணை மூடிக்கொண்டு, சொருகிவிட்டேன். பூமி தடம் புரளவில்லை. வந்து நின்று நாலாவது கம்பியைத் தொட்டேன். கூடம் முழுக்க, மூலை முடுக்கெல்லாம், உருண்டையாக ஒரு சுரம் பரவியது. நானே திரும்பிப் பார்த்தேன், யார் வாசிக்கிறார்கள் என்று.

இரண்டாவது பாட்டு நடுவில் கதவு திறந்தது. தலைவரும் செயலாளரும் வந்து முன் மேஜையில் உட்கார்ந்தார்கள்.

நான் வாசிப்பதை நிறுத்தாமல் கீழே பார்த்தேன். வயர் என் காலடியில் இருந்து வளைந்து, பெட்டிக்குப் போகாமல், அப்பட்டமாகத் திரைக்குள் போய்க்கொண்டிருந்தது. மாமா அதைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என் உறுப்பினர் பதவி போகும், வேலை போகும், அந்த வேலை அப்படியே அவர் இடது கைக்கு வந்து சேரும்.

மாமா வலது கையால் வாசித்துக்கொண்டே, இடது கையை நீட்டித் திரையின் நுனியை இழுத்து வயர் மேல் போட்டார். பிறகு அந்தக் கையைத் தூக்கி, சாவகாசமாகக் காது குடைந்துகொண்டார்.

தலைவர் கண்ணை மூடினார். தலை ஆடியது. கரண்டியை வைத்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும் எழுந்து நேராக மேடைக்கு வந்தார்.

"கேட்டீங்களா? இது கைமாறாத சத்தம்! இந்த வெதுவெதுப்பு, இந்த ஈரம், வாக்யூம் கிளீனர்காரனால ஆயுசுக்கும் செய்ய முடியுமா?" பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்தார். "தொட்டுப் பாருங்கய்யா. இவ்வளவு வாசிச்சும் ஒரு துளி சூடாகலை!"

செயலாளர் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்று இருப்பதாகச் சான்று சொன்னார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் மரியாதைக்குக் கைதட்டினார்கள். மேனேஜர் என் பக்கம் குனிந்து, "இன்னிக்குதான்பா தண்ணி டம்ளர் ஆடாம சாப்பிட்டாங்க. இனிமே இப்படியே வாசி. மேஜை வேற எங்கயாவது போட்டுக்கறேன்" என்றார்.

தலைவர் அதோடு விடவில்லை. கம்பெனி விற்பனையைக் கண்டித்து அடுத்த ஞாயிறு காலை இதே கூடத்தில் கண்டனக் கச்சேரி நடக்கும் என்றும், தானே தன் பெட்டியில் வாசிக்கப்போவதாகவும் அங்கேயே அறிவித்தார்.

சாயங்காலம் மாமாவிடம் கேட்டேன்: "ஏன் மாமா காப்பாத்தினீங்க?"

"உன் வேலையும் சேர்ந்து வந்தா நான் எந்தக் கையால டீ குடிப்பேன்? போடா."

அடுத்த ஞாயிறு மேடையைச் சரிசெய்ய நான் எல்லோருக்கும் முன்னால் போயிருந்தேன். கூடத்தில் யாரும் இல்லை. வாசலில் ஒரு வேன் நின்றது. தலைவர், கம்பளி போர்த்திய தன் பெட்டியோடு நின்றுகொண்டிருந்தார். வழக்கமாக அதை அவரும் செயலாளரும்தான் தூக்குவார்கள், வேறு யாரையும் கிட்டே விடமாட்டார்கள். செயலாளர் இன்னும் வரவில்லை.

"நான் ஒரு பக்கம் பிடிக்கறேன் ஐயா."

"வேண்டாம் தம்பி. பழைய காலத்துப் பெட்டி. இடுப்பு போயிடும்."

"பரவாயில்லைங்க."

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வேன்காரர் ஹாரன் அடித்தார். வேறு வழியில்லாமல் தலையாட்டினார். நான் காலை அகட்டி, மூச்சை இழுத்துப் பிடித்து, முழு பலத்தையும் கொடுத்துத் தூக்கினேன்.

பெட்டி என் தலைக்கு மேலே போய்விட்டது. நான் பின்னால் சாய்ந்து வேனில் மோதி நின்றேன். வெறும் பலகைக் கூடு. உள்ளே ஸ்பீக்கர் இல்லை, வயர் இல்லை, ஃப்யூஸ் போட ஒரு இடமும் இருக்க வழியில்லை. முன்பக்கம் துணி, பின்பக்கம் முத்திரை. அவ்வளவுதான் தோர்பெக்.

நான் அவரைப் பார்த்தேன். அவர் முத்திரையைப் பார்த்தார்.

"மெதுவா இறக்கு தம்பி," என்றார். "அரக்கு உடைஞ்சிடப் போகுது."

இரண்டு பேரும் முக்கி முனகிக்கொண்டே அதை மேடைக்குக் கொண்டுபோனோம். வழியில் அவர் இரண்டு முறை நிறுத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டார். நானும் பிடித்துக்கொண்டேன். பெட்டியை நடுமேடையில் வைத்து, கம்பளியை எடுத்து, முத்திரையை ஜனங்கள் பக்கம் திருப்பினோம்.

பிறகு அவர் கோட்டுப் பையிலிருந்து சுருட்டிய வயரை எடுத்தார். கிட்டாரில் ஒரு நுனியை மாட்டினார். திரையை விலக்கி, குனிந்து, இருட்டில் தடவிக்கூடப் பார்க்காமல், சுவரில் சரியான ஓட்டையில் சொருகினார்.

"நீ இந்தப் பக்கத்து ஓட்டையில போட்டுக்க," என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "அது கொஞ்சம் லூசா இருக்கும். அழுத்திச் சொருகணும்."